யாராவது படித்தீர்களா?

மூன்று நாளாக வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். எங்கள் ஆராய்ச்சி விருது விழாவைப் பற்றி, 'விருதாளரின் கட்டுரைகளில் ஒன்றையாவது தேர்வுக் குழுவில் யாராவது படித்தீர்களா' என்று திங்கட்கிழமை போட்ட இரண்டு வரிக்கே இன்பாக்ஸில் வந்து விழுந்த உபதேசங்களைப் பார்த்த பிறகு முடியவில்லை. எந்த விழா, யாருக்கு விருது என்பதெல்லாம் உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும், ஃபோட்டோவும் பார்த்துவிட்டீர்கள். மீதிப் பேர் தயவுசெய்து கேட்க வேண்டாம். எனக்கு இன்னும் 11 வருஷம் சர்வீஸ் பாக்கி இருக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த சார் 'சிறந்த ஆராய்ச்சியாளர்' விருது வாங்கியதில் எனக்கு வருத்தம் இல்லை. நல்ல மனுஷர். என் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என் வகுப்புகளை ஒரு வாரம் அவர்தான் பார்த்துக்கொண்டார். என் பிரச்சினை அந்தத் திரை.

சால்வை, நினைவுப் பரிசு, கைதட்டல் எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஸ்லைடு போட்டார்கள். ஆசிரியர்கள் அத்தனை பேரின் பெயரும், பக்கத்தில் ஸ்கோபஸ் என்கிற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் போன வருஷம் ஏறிய கட்டுரை எண்ணிக்கையும். பத்துக்கு மேல் பச்சை. ஒன்றிலிருந்து பத்து வரை மஞ்சள். பூஜ்யம் என்றால் சிவப்பு. மேடையிலிருந்து ஒரு குரல், "சிவப்புல இருக்கிறவங்க கொஞ்சம் யோசிக்கணும்" என்றது. முன்வரிசையில் சிரித்தார்கள். எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தமிழ்த்துறை ஐயா உட்கார்ந்திருந்தார். வருகிற மே மாதம் ஓய்வு. 34 வருஷம் பாடம் நடத்தியவர், கல்யாண வீட்டில் தட்டு வைக்காமல் விட்டுவிட்ட ஆளைப் போல உட்கார்ந்திருந்தார்.

நான் மஞ்சள். ஒன்றே ஒன்று.

விருது வாங்கியவருக்கு ஒரே வருஷத்தில் 74. பள்ளிக்கூடக் கணக்குதான், 365-ஐ 74-ஆல் வகுத்துப் பாருங்கள். ஐந்து நாளைக்கு ஒரு கட்டுரை. தீபாவளி, பொங்கல், பரீட்சைப் பேப்பர் திருத்தும் சீசன், அட்மிஷன் டியூட்டி எல்லாம் அந்த ஐந்து நாட்களுக்குள்ளேயே அடக்கம். பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் வகுப்பு வேறு. தலைப்புகளைப் பார்த்தால் நானோ துகள், சாயப்பட்டறைக் கழிவுநீர், எந்திரக் கற்றல் வைத்து மார்பகப் புற்றுநோய் கண்டறிதல், ஆசிரியர்களின் பணி மனநிறைவு. ஒரு மனுஷருக்கு இத்தனை துறையில் ஞானம் இருந்தால் அவரை நாங்கள் கும்பிட வேண்டும், விருதெல்லாம் சிறுமை.

நான் கேட்டது ஒரே கேள்வி. தேர்வுக் குழுவில் ஐந்து பேர் இருந்தீர்களே, அந்த 74-ல் ஒன்றையாவது யாராவது படித்தீர்களா? சுருக்கத்தை இல்லை, கட்டுரையை. இதைக் கேட்டதற்குத்தான் எனக்குப் "பொறாமை".

சரி, பொறாமை என்றே வைத்துக்கொள்ளுங்கள். அந்த மஞ்சள் 'ஒன்று' எப்படி வந்தது என்பதையும் கேட்டுவிட்டுப் போங்கள்.

பாக் நீரிணையில் கடல்புல் எண்ணுவது என் வேலை. எண்ணுவதென்றால் நிஜமாகவே எண்ணுவது. பி.வி.சி. பைப்பில் செய்த அரை மீட்டர் சதுரச் சட்டத்தைக் கடலடியில் வைத்து, அதற்குள் எத்தனை தளிர் என்று ஒவ்வொன்றாக. மாதத்துக்கு இரண்டு முறை, வற்று நேரம் பார்த்து. வல்லம் படகில் கூட்டிக்கொண்டு போகிற அண்ணன் முதல் வருஷம் முழுக்க, "என்ன டீச்சர், புல்லை எண்ணி என்ன செய்யப்போறீங்க, மாடு வளக்கப் போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். மாடுதான் அண்ணே, கடல் பசு. அவர்கள் ஆவுளியா என்பார்கள். அது தின்பது இந்தப் புல்லைத்தான். 2022 செப்டம்பரில் தமிழக அரசு பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்ததே, நினைவிருக்கிறதா? புல் இல்லாவிட்டால் அங்கே பாதுகாக்க ஒன்றும் இருக்காது.

காற்று பலமாக அடித்தால் தண்ணீர் கலங்கி ஒன்றும் தெரியாது. அன்றைக்கு டீசல் காசு நஷ்டம், அதுவும் என் கைக்காசு. 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வந்தது. நான் இரண்டு வருஷம் எண்ணிவைத்திருந்த 24 இடங்களில் 9 இடத்தில் மணல் மூடிப் போயிற்று. கரையில் உட்கார்ந்து அழுதேன், வெட்கப்படாமல் சொல்கிறேன். அண்ணன்தான், "மூடுனது திரும்ப வருதான்னு பாக்க வேண்டாமா டீச்சர்?" என்றார். அந்தக் கேள்விதான் கடைசியில் என் ஆராய்ச்சியாக ஆனது. புல் திரும்ப வருகிறதா, எங்கே வருகிறது, எங்கே வரவில்லை, ஏன். அதற்கு விடை தெரிய இன்னும் நான்கு வருஷம் பிடித்தது. எழுதி, இரண்டு முறை திருப்பி அனுப்பப்பட்டு, மூன்றாவது பத்திரிகையில் போன வருஷம் வெளியானது. ஒரு கட்டுரை. மஞ்சள்.

"அதையே ஐந்து கட்டுரையாக வெட்டிப் போட்டிருக்கலாமே மேடம்" என்று ஒருத்தர் அக்கறையாகச் சொன்னார். தெரியும் தம்பி. கத்திரிக்கோல் என்னிடமும் இருக்கிறது.

இன்னொருத்தர் நியாயமாகவே கேட்டிருந்தார். எண் வேண்டாமென்றால் எதை வைத்துத் தேர்வு செய்வது? சிபாரிசையா, சாதியையா, நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதையா? எண் வந்த பிறகுதானே எங்களைப் போன்ற ஆட்களுக்கும் மேடை கிடைத்தது? இந்தக் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பழைய காலத்தில் விருது யாருக்குப் போனது என்று எனக்கும் தெரியும், பார்த்துதான் வந்திருக்கிறேன். ஆனால் இப்போது எண் யாரிடம் இருக்கிறது? மாதம் ஒரு முறை எனக்கு வாட்ஸப்பில் வருகிறது, "டியர் புரொஃபசர், ஸ்கோபஸ் கட்டுரை ரெடி, நான்காவது கட்டுரையாசிரியர் இடம் காலி, விலை 18,000" என்று. தியேட்டர் வாசலில் பிளாக் டிக்கெட் விற்கிற மாதிரி. சிபாரிசு போய்விட்டது என்கிறீர்கள். அது ஜிபே-க்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

எச்-இண்டெக்ஸ் எச்-இண்டெக்ஸ் என்று மேடையில் ஜாதகப் பலன் மாதிரி வாசித்தார்களே, ஒருவருடைய கட்டுரைகளை மற்றவர்கள் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துப் போடுகிற எண், அதை 2005-ல் கண்டுபிடித்த ஹிர்ஷ் என்ற இயற்பியலாளரே 2020-ல், இது மோசமான பின்விளைவுகளைக் கொண்டுவரக்கூடும் என்று எழுதிவிட்டார். பெற்றவரே கைவிட்ட பிள்ளையை நாம் தத்தெடுத்துத் தொட்டில் கட்டிக்கொண்டிருக்கிறோம். யு.ஜி.சி. தன் அங்கீகாரப் பட்டியலிலிருந்து 2018 மே மாதம் ஒரே அடியாக 4,305 பத்திரிகைகளை நீக்கியது. அதுவரை அவற்றில் கட்டுரை போட்டுப் பதவி உயர்வு வாங்கியவர்கள் உயர்ந்த இடத்திலேயேதான் இருக்கிறார்கள். பிறகு 'கேர்' பட்டியல் என்று ஒன்று வந்தது. 2025-ல் அதையும் கைவிட்டார்கள். வைலி பதிப்பகம் வாங்கிய ஹிந்தாவி பத்திரிகைகளில் மட்டும் 2023-ல் 8,000 கட்டுரைகளுக்கு மேல் திரும்பப் பெறப்பட்டன, அதாவது செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அதில் எங்கள் முன்னாள் விருதாளர் ஒருவருடையதும் இரண்டு உண்டு. கட்டுரை போய்விட்டது. சால்வை அவர் வீட்டில்தான் இருக்கிறது.

"ரேங்கிங் வந்தால்தான் அட்மிஷன் வரும், அட்மிஷன் வந்தால்தான் உனக்குச் சம்பளம்." இதைச் சொன்னவருக்குப் பதில் சொல்லப்போவதில்லை. சம்பளத்தை இழுத்துவிட்டால் பேச்சு முடிந்துபோகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. கல்வி நிறுவனங்களுக்கு மத்திய அரசு போடுகிற என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் 2025-ல் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைப்பு கொண்டுவந்ததை மட்டும் அவருக்கு யாராவது ஃபார்வர்ட் செய்யுங்கள்.

ஃபார்வர்ட் என்றதும் நினைவுக்கு வருகிறது. 2023-ல், கொரோனா தடுப்பூசிக்கு வழிவகுத்த விஞ்ஞானி கத்தலின் கரிகோவுக்கு நோபல் கிடைத்த அன்று எங்கள் க்ரூப்பில் எத்தனை கண்ணீர்த்துளி எமோஜி! 'பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அவரைப் பதவியிறக்கம் செய்தது, இன்று உலகமே வணங்குகிறது' என்று பெரிய பதிவு. அதைப் போட்ட அதே கைதான், மூன்று வருஷமாகக் கட்டுரை வராத ஒரு பெண்ணுக்கு மெமோவில் கையெழுத்துப் போட்டது. அந்தப் பெண்ணுக்கு அப்போது கைக்குழந்தை.

ராமானுஜனே மூன்று மாதத்துக்கு ஒரு அறிக்கை கொடுக்கவில்லையா என்று ஒரு கணக்கு வாத்தியார் மடக்கினார். கொடுத்தார் சார். 1913-ல் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டமே இல்லாத ஒரு துறைமுக கிளார்க்கை ஆராய்ச்சி மாணவராக எடுத்து மாதம் 75 ரூபாய் கொடுத்தது. அவர் கொடுத்தது மூன்றே அறிக்கை. அதற்குள் என்ன இருந்தது என்று இன்றைக்கும் கணிதக்காரர்கள் உட்கார்ந்து படிக்கிறார்கள். மறுபடியும் என் கேள்விக்குத்தான் வருகிறீர்கள், பாருங்கள். படிப்பது.

அதே 1913-ல் தொடங்கி, அதே பல்கலைக்கழகம் வெளியிட்ட இன்னொரு வேலை தமிழ் லெக்சிகன் என்ற பேரகராதி. ஆறாவது தொகுதி முடிந்தது 1936-ல். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். இன்றைய எங்கள் கூகுள் ஃபார்மில் அதன் பதிப்பாசிரியர் வையாபுரிப் பிள்ளை அதை எந்தக் கட்டத்தில் நிரப்பியிருப்பார்? 'கடந்த காலண்டர் ஆண்டில் வெளியான கட்டுரைகள்' என்ற இடத்தில் அகராதிக்குப் பூஜ்யம். சிவப்பு.

இதை எழுதக் காரணம் அந்தத் தமிழ்த்துறை ஐயாதான். 11 வருஷமாக அவர் கடற்கரை ஊர்களில் சொல் சேகரிக்கிறார். அணியம், நீவாடு, பார், கொண்டல், சோழகம். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு அட்டை. எந்த ஊரில், யார் சொன்னது, என்ன செய்துகொண்டிருந்தபோது சொன்னது, எல்லாம் அவர் கையெழுத்தில். பேட்டா செருப்புப் பெட்டிகளில் அடுக்கி வைத்திருக்கிறார். என் கடல்புல் கட்டுரையில் நீரோட்டத்தைப் பற்றி ஒரு பத்தி வருகிறது. அந்தப் பெட்டியைப் பார்த்திருக்காவிட்டால் அந்தப் பத்தியை நான் எழுதியிருக்கவே முடியாது. மீனவர்கள் இரண்டு வேறு பெயரில் சொல்கிற இரண்டு நீரோட்டத்தை நான் நான்கு வருஷம் ஒன்றென்று நினைத்துக்கொண்டிருந்தேன். நன்றி என்று அவர் பெயரைக் கட்டுரைக் கடைசியில் போட்டேன். நன்றி எந்தக் கட்டத்திலும் ஏறாது.

விழா முடிந்து சாப்பாட்டுக்குப் போகும்போது அவரிடம் ஏதாவது சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் போனேன். "பிரியாணி தீர்ந்துடும்மா, சீக்கிரம் போங்க" என்றார். அவர் சைவம்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். எப்படியும் யாராவது கமெண்டில் போட்டு உடைப்பீர்கள். ஆமாம், நானும் விண்ணப்பித்திருந்தேன். ஒரு கட்டுரையை வைத்துக்கொண்டு என்ன தைரியம் என்று கேட்பீர்கள். ஆறு வருஷ வேலை என்று ஒரு பக்கம் விளக்கம் எழுதி இணைத்தேன். யாராவது அந்த ஒரு பக்கத்தையாவது படிப்பார்கள் என்று நினைத்தேன். விளக்கத்தை இணைக்கிற வசதி ஃபார்மில் இல்லை என்று மெயில் திரும்பி வந்தது. வலித்தது. இது பொறாமையா, அவமானமா, ஆற்றாமையா என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள், எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எண்ணத்தான் தெரியும்.

யாராவது படித்தீர்களா என்று ஊரைக் கேட்கிறவள் தானும் படிக்க வேண்டும் இல்லையா? செவ்வாய்க்கிழமை ராத்திரி அந்த 74-ல் மூன்றை எடுத்து உட்கார்ந்தேன். முதலாவதில் ஆர்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ் என்று வர வேண்டிய இடமெல்லாம் 'கவுண்டர்ஃபிட் கான்ஷியஸ்னஸ்' என்று இருந்தது. அதாவது போலிப் பிரக்ஞை. திருட்டு பிடிபடாமல் இருக்கச் சொல்லை மாற்றிப் போடுகிற மென்பொருள் செய்கிற வேலை இது. பிரான்சில் கபனாக் என்ற கணினி அறிவியலாளரும் கூட்டாளிகளும் 2021-லேயே இந்த மாதிரிச் சொற்களைப் பட்டியல் போட்டு வெளியிட்டுவிட்டார்கள். இரண்டாவது கட்டுரையைப் பற்றி எழுதினால் நாளைக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்.

மூன்றாவது நல்ல கட்டுரை. நிஜமாகவே நல்ல கட்டுரை. சாயக்கழிவை வேப்பம்பட்டைக் கரியில் உறிஞ்ச வைக்கிற வேலை, பொறுமையாகச் செய்திருக்கிறது. முதல் பெயர் ஒரு பி.எச்டி. மாணவியுடையது. சாருடையது கடைசியில். அந்தப் பெண் திங்கட்கிழமை விழாவில்தான் இருந்தாள். மேடையில் இருந்தவர்களுக்குப் பூங்கொத்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள், பட்டுப்புடவை கட்டி வரச் சொல்லியிருந்தார்களாம். மாணவர்கள் பெயரை யாரும் வாசிக்கவில்லை.

நம்பர் வாங்கி அவளுக்கு மெசேஜ் அனுப்பினேன். கட்டுரை பிடித்தது, மூன்றாம் அட்டவணையில் மட்டும் ஒரு இடத்தில் மில்லிகிராமுக்குப் பதில் கிராம் என்று விழுந்திருக்கிறது, பார்த்துக்கொள் என்று.

நேற்றுக் காலை பதில் வந்தது. "ஐயோ ஆமா மேடம். வெளியாகி எட்டு மாசம் ஆச்சு, யாருமே சொல்லல."

அவள் பெயரைக் கமெண்டில் யாரும் கேட்காதீர்கள். அவள் தீசிஸ் இன்னும் சப்மிட் ஆகவில்லை.