வயல் வாங்கினால் ஏலப்பண வரி போய்விடாது

தம்பி, கிரிக்கெட் வீரர்கள் தஞ்சைப் பக்கம் நாலு வேலி நஞ்சை வாங்கிப் போட்டால் ஐபிஎல் ஏலப்பணம் வரியில்லாமல் முழுதாகக் கைக்கு வந்துவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. விலக்கு அந்த வயலில் விளையும் நெல்லுக்குத்தான். மட்டை பிடித்துச் சம்பாதித்ததற்கு இல்லை.

2025 தொடருக்கான ஏலத்தில் குறைந்தபட்ச அடிப்படை விலை 30 லட்சம். கும்பகோணத்துப் பையன் ஒருவனுக்கு அது மட்டும் கிடைக்கிறது என்று வையுங்கள். செலவு எதையும் கழிக்காவிட்டால், 2025-26 நிதியாண்டின் புதிய வரிமுறையில் செஸ் என்னும் மேல்வரியும் சேர்த்து வரி ஏறக்குறைய 5 லட்சம். அணி வரியாகப் பிடித்தம் செய்வதோ பொதுவாக 10 சதவீதம், அதாவது 3 லட்சம்தான். மீதி 2 லட்சத்தை அவனே முன்கூட்டிக் கட்ட வேண்டும். பிடித்தம்தான் போய்விட்டதே என்று கார் வாங்கிவிட்டால் மாட்டிக்கொள்வான்!

முகவர் கமிஷன், பயிற்சியாளர், பிசியோ போன்ற தொழில் செலவுகளை ரசீதோடு கழிக்கலாம். சென்னையில் குடியிருக்கும் வாடகை, சாப்பாடு எல்லாம் சொந்தச் செலவு, கழியாது. நட்சத்திர வீரர்களுக்கு இன்னும் கடுமை: வருமானம் 2 கோடியைத் தாண்டினால், இதே வரிமுறையில் உச்ச விகிதம் சர்சார்ஜ் என்னும் கூடுதல் வரி, செஸ் உட்பட 39 சதவீதம்.

சம்பளத்தையே நெல் விற்ற பணமாகக் காட்டலாமே என்பீர்கள். கொள்முதல் நிலையச் சீட்டுக்கு எங்கே போவான்? அணி கொடுத்த தொகை ஏற்கெனவே அவனது பான் எண்ணில் பதிவாகியிருக்கும்.