பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்

ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நேரில் பார்த்தவர்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள். மற்றவர்களுக்கும் இதற்குள் சேதி வந்து சேர்ந்திருக்கும். அதனால் முழுக் கதையையும் சொல்லப்போவதில்லை. குழந்தைகளோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த படத்தில் தாய் யானை இறக்கும் இடத்தில் என் மகள் தேம்பி அழுதாள். நான் படத்தை நிறுத்திவிட்டு, அவளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு பேசினேன். "நான்கு வயதுப் பிள்ளைக்குப் படம் காட்டிக் கெடுத்து வைத்திருக்கிறாய், இப்போது சமாதானம் வேறா?" என்று அங்கே இருந்த ஒரு பெரியவர் எல்லோர் முன்னிலையிலும் கேட்டார். அன்று நான் பதில் பேசவில்லை. மூன்று நாட்களாக அது தொண்டையிலேயே நிற்கிறது.

குழந்தையைத் திரையின் முன் உட்கார வைத்துவிட்டு எழுந்து போகிறவன் நான் அல்ல. பக்கத்தில் உட்காருகிறேன். அன்றும் பெரியவர்கள் எல்லோரும் நாற்காலிகளில் பேசிக்கொண்டிருந்தபோது, தரையில் ஆறு குழந்தைகளுக்கு நடுவே இருந்த ஒரே பெரிய ஆள் நான்தான்.

பக்கத்தில் உட்கார்ந்தால் என்ன கிடைக்கும் என்கிறீர்களா? போன மாதம் ஒரு படத்தில் இறந்துபோன தாத்தா, மறுவாரம் வேறொரு படத்தில் சிரித்துக்கொண்டு வந்தார். என் மகள் திடுக்கிட்டுப் போனாள். "இவர் செத்துப் போனாரே, எப்படி வந்தார்?" நான் தரையில் கண்ணை மூடிப் படுத்துக் காட்டினேன். "நீங்கள் தூங்கவில்லை, நடிக்கிறீர்கள்" என்றாள். அவரும் அப்படித்தான் என்றேன். அன்று மாலை முழுவதும் தன் துணி யானையைச் சாகச்சொல்லி, எழச்சொல்லி விளையாடினாள். நான் அங்கே இல்லையென்றால், செத்தவர்கள் அடுத்த வாரம் திரும்பி வருவார்கள் என்றே அவள் நம்பியிருப்பாள்.

"மருத்துவர்களே கூடாது என்கிறார்களே" என்று கிளம்புவீர்கள். தெரியும். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலை நானும் படித்தேன்: இரண்டு வயது ஆகும் வரை திரையே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. என் மகள் இரண்டு வயது வரை திரையில் பார்த்த ஒரே முகம், காணொளி அழைப்பில் வரும் அவள் பாட்டியின் முகம். இப்போதும் ஒரு படத்தை நாங்கள் மூன்று நான்கு மாலைகளாகப் பிரித்துத்தான் பார்க்கிறோம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அமைப்பு 2016இல் சொன்னதில் இன்னொன்றும் உண்டு: பெற்றோர் உடன் அமர்ந்து பார்க்க வேண்டும், பார்ப்பதைப் புரிந்துகொள்ளக் குழந்தைக்கு உதவ வேண்டும். இதை மட்டும் ஏன் யாரும் எடுத்துச் சொல்வதில்லை?

"சாவு வருகிற படத்தை எதற்குக் காட்ட வேண்டும்?" என்பது அடுத்த கேள்வி. அமெரிக்காவில் 1969இல் தொடங்கிய 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சியில் கடைக்காரர் ஹூப்பராக நடித்த வில் லீ 1982இல் காலமானார். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அவர்கள் அப்படிச் செய்யவில்லை. உளவியல் அறிஞர்களைக் கலந்து, ஹூப்பர் இறந்துவிட்டார், இனி வரமாட்டார் என்று குழந்தைகளிடம் நேராகவே சொன்னார்கள். 1983இல் அதை ஒளிபரப்பத் தேர்ந்தெடுத்தது நன்றி தெரிவிக்கும் நாள் விடுமுறையை. பெற்றோர் வீட்டில் இருப்பார்கள், பிள்ளையின் பக்கத்தில் இருப்பார்கள் என்பதற்காக. நான் செய்ததும் அதுதானே?

வேலை முடித்து வந்து சமைக்கும் நேரத்தில், வேறு வழியில்லாமல் திரையைப் போட்டுவிடுகிறவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரியவரின் வீட்டில் காலை முதல் இரவு வரை செய்தி ஓடிக்கொண்டே இருக்கிறது. விபத்து, வெட்டு, தீ. கீழே அவருடைய பேரன் பொம்மைகளோடு தவழ்கிறான். அது குழந்தைக்குக் காட்டுவதாகக் கணக்கில் வராதா? பின்னணியில் தொலைக்காட்சி ஓடும் வீட்டில் பெரியவர்கள் குழந்தையோடு பேசும் பேச்சே குறைந்துபோகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. அதை அவரிடம் யாரும் எல்லோர் முன்னிலையிலும் கேட்டதில்லை.

எனக்கு ஏன் இவ்வளவு வலிக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். ஆறு வயதில் ஓர் இரவு, வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, ஒரு பேய்ப்படத்தைத் தனியாகப் பார்த்தேன். ஒரு கதவு தானாகத் திறக்கும், உள்ளே யாரும் இருக்கமாட்டார்கள். அவ்வளவுதான் காட்சி. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் திட்டு விழும் என்று தெரியும். மாதக்கணக்கில் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்தேன். இன்றும் படுக்கையறைக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் விளக்கை அணைக்கிறேன். என் மகள் பயந்தால் என்னிடம் சொல்ல வேண்டும். அழுகை வந்தால் என் மேல் சாய்ந்து அழ வேண்டும். இதற்காகத்தான் உட்காருகிறேன்.

பெரியவரே, என்னை என்ன வேண்டுமானாலும் கேட்டிருக்கலாம், தனியாக அழைத்துக் கேட்டிருக்கலாம். நீங்கள் சொன்னது அவள் காதிலும் விழுந்தது. வீட்டுக்கு வரும் வழியில் "நான் அழுதது தப்பா, அப்பா?" என்று கேட்டாள். இல்லை என்று பத்து முறை சொன்னேன். நேற்று மாலை விட்ட இடத்திலிருந்து படத்தைப் போட்டோம். குட்டி யானை தாயைத் தேடும் இடம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காமல், தலையணையில் முகத்தைப் புதைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இதற்கு முன் அவள் என்னிடம் எதையும் மறைத்ததில்லை.