வேலை செய்வது பாக்டீரியா அல்ல, புரதம்

"ராபர்ட் பர்ஜ் உயிருள்ள பாக்டீரியாவை வைத்தே கம்ப்யூட்டர் செய்துவிட்டார், சிலிக்கான் கதை முடிந்தது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். (பர்ஜ் ஓர் அமெரிக்க வேதியியலாளர்.) பாதி சரி, பாதி தப்பு.

பர்ஜின் ஆய்வில் உயிருள்ள கிருமி எதுவும் வேலை பார்க்கவில்லை. கடும் உப்பு நீரில் வாழும் ஹாலோபாக்டீரியத்தின் ஊதாச் சவ்விலிருந்து பிரித்தெடுத்த பாக்டீரியோரோடாப்சின் என்ற புரதம்தான் அங்கே சரக்கு. (பெயரில் பாக்டீரியா இருந்தாலும் அந்த உயிர் பாக்டீரியாவிலிருந்து வேறான ஆர்க்கியா என்ற நுண்ணுயிர் வகை. அது தனிக் கதை.)

பச்சை ஒளி பட்டால் புரதத்துக்குள் இருக்கும், ஒளியை உறிஞ்சும் ரெட்டினால் என்ற மூலக்கூறு ஓரிடத்தில் மடங்கும். ஊதா நிறம் மஞ்சளாகி, சுமார் 10 மில்லிவிநாடியில் பழையபடி திரும்பிவிடும். இப்படி உடனே திரும்பினால் தகவலை எப்படிச் சேமிப்பது? சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் பர்ஜ் குழு பயன்படுத்திய நுணுக்கம் இதுதான்: சுழற்சியின் நடுவே, சரியான நேரத்தில் சிவப்பு லேசரைப் பாய்ச்சினால் புரதம் கிளைவழியில் போய், நெடுநாள் நிலைக்கும் வேறொரு நிலையில் உட்கார்ந்துவிடும். அது 1, பழைய நிலை 0. அழிக்க நீல ஒளி.

ஆக, இது முப்பரிமாண நினைவகத்துக்கான (தட்டையான பரப்பில் மட்டுமல்லாமல் கனஅளவு முழுவதிலும் தகவலைப் பதிக்கும் நினைவகம்) ஆய்வு, முழுக் கம்ப்யூட்டர் அல்ல. பர்ஜ் பேசியதே சிலிக்கானும் புரதமும் சேர்ந்த கலப்புக் கம்ப்யூட்டரைப் பற்றித்தான். ஹார்டு டிஸ்க்கை இது ஓரங்கட்டவும் இல்லை.

அப்புறம், இதே புரதத்தை அடுக்கடுக்காகப் படியவைத்துச் செயற்கை விழித்திரை செய்ய லாம்ப்டாவிஷன் நிறுவனம் முயல்கிறது. அந்த அடுக்குச் சோதனைகள் சர்வதேச விண்வெளி நிலையத்திலும் நடந்திருக்கின்றன.