ஐஜிஜி ரத்தப் பரிசோதனை உணவு ஒவ்வாமையைக் காட்டாது

ரத்தத்தில் நோயெதிர்ப்பு மண்டலம் உருவாக்கும் ஐஜிஜி (IgG) என்னும் எதிர்ப்பொருளை அளந்தால் உடலுக்கு ஒவ்வாத உணவுகள் அனைத்தும் தெரிந்துவிடும் என்று, இயற்கை மருத்துவத்தின் பெயரால் பரவிவரும் கூற்று தவறானது. நாம் அடிக்கடி உண்ணும் பால், கோதுமை, முட்டை ஆகியவற்றுக்கு எதிராக ஐஜிஜி, குறிப்பாக அதன் ஒரு வகையான ஐஜிஜி4, உருவாவது இயல்பே. அந்த உணவு உடலுக்குப் பழகியிருப்பதையே அது உணர்த்துகிறது. பரிசோதனை அறிக்கையில் ஒவ்வாதவை எனச் சிவப்பு நிறமிட்டு வருபவை பெரும்பாலும் அன்றாடம் தட்டில் இருப்பவையாக அமைவதும் இதனால்தான். இப்பரிசோதனையை நோயறியப் பயன்படுத்தக் கூடாது என ஐரோப்பிய ஒவ்வாமையியல் கழகம் 2008-இலேயே அறிவுறுத்தியது. இதை நம்பி வளரும் குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் நிறுத்துவது வேதனைக்குரியது. அதனினும் ஆபத்தானது, ஐஜிஇ (IgE) என்னும் வேறொரு எதிர்ப்பொருள் வழியாக உயிருக்கே கேடு விளைவிக்கும் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்கும் இவ்வறிக்கை வேர்க்கடலை பாதுகாப்பானது எனப் பச்சை நிறம் காட்டக்கூடும் என்பதே. ஒவ்வாமையை உறுதிசெய்ய, நோய் வரலாற்றுடன் தோல் குத்துப் பரிசோதனையோ ஐஜிஇ அளவீடோ, தேவைப்பட்டால் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்பில் உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்க்கும் சோதனையோ வேண்டும்.