போங்காவைத் திட்டவில்லை, பந்தை அவரிடம் தள்ளிவிடுபவர்களைச் சொல்கிறேன்

ஆஸ்திரேலிய ரக்பி லீக்கில் ஆடும் நம் நியூகாசில் நைட்ஸ் அணியின் ரசிகர் குழுவில், நம் ஃபுல்பேக் (எல்லோருக்கும் பின்னால் நிற்கும் ஆட்டக்காரர்) போங்காவைப் பற்றிச் சுற்றிய அந்த ஆடியோவைப் பாதிப் பேராவது கேட்டிருப்பீர்கள். "போங்கா காலு சரியாகட்டும், டிலன் பிரவுன் வேற வர்றான், அப்புறம் நியூகாசிலை யாரு புடிக்கறது?" எல்லாவற்றையும் போங்கா தலையிலேயே கட்டுகிறோம் என்று நான் சொன்னதற்காகக் கூடவே எனக்கு அர்ச்சனை. நான் போங்கா எதிரியாம், மேன்லிக்காரனாம் (எதிரணியான மேன்லியின் ரசிகனாம்). ரொம்ப சந்தோஷம்.

மறுபடியும் சொல்கிறேன்: குறை போங்காவிடம் இல்லை. 2023-ல் டாலி எம் பதக்கம் (வருடத்தின் சிறந்த ஆட்டக்காரர் விருது) வாங்கியவரை நான் ஏன் குறை சொல்லப் போகிறேன்? ஒரு செட்டின் (பந்தோடு ஆறு முறை பிடிபடும் வரை, அதாவது ஆறு டாக்கிள் வரை, ஓர் அணியின் முறை) கடைசியில் பந்தை அவரிடம் தள்ளிவிட்டு வேடிக்கை பார்க்கிறார்களே, அதுதான் நோய்.

முதல் மூன்று டாக்கிளில் ஃபார்வர்டுகள் முட்டி மோதி மீட்டர் எடுப்பார்கள். பிறகு ஆட்டத்தை நடத்தும் ஹாஃப்பேக் பந்தை வாங்க, ஓரத்து ஃபார்வர்டான செகண்ட் ரோயர் முன்னால் நேராகப் பாய, அவர் முதுகுக்குப் பின்னால் போங்கா சுற்றி வருவார். பாய்கிற ஆளுக்குப் பந்து வராது என்று தெரிந்தபின் அவரை எவன் பிடிப்பான்? அவரைத் தடுக்க நிற்க வேண்டிய எதிரணி ஆளும் வெளியே நகர்ந்துவிடுவான், அவர்களின் சென்டர் உள்ளே ஏறி வருவான். போங்கா கையில் பந்து சேரும்போது எதிரே மூன்று பேர். ஒரு பாதிக்கு இரண்டு தடவையாவது முன்னால் ஓடுகிறவருக்கு அந்தச் சின்னப் பாஸைக் கொடுங்கள். அப்போதுதான் டிஃபென்ஸ் நின்ற இடத்தில் நிற்கும்.

இன்னொன்று. எதிரணி வேண்டுமென்றே மூலைக்கு உதைக்கும். ஃபுல்பேக் என்பதால் போங்காதான் அதை எடுத்து ஓட வேண்டும். நான்கு பேர் மேலே விழுவார்கள். எழுந்து, பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டிவிட்டு, நாலாவது டாக்கிளுக்குள் நாற்பது மீட்டர் ஓடி வந்து ஆட்டத்தையும் அவரே திறக்க வேண்டுமாம். மனுஷன்தானே அவர்?

"பென்ரித்துக்குக் கிளீரி இல்லையா" என்று உடனே வருவீர்கள். 2024-ல் பென்ரித் அணியின் ஹாஃப்பேக் கிளீரி காயத்தில் பல ஆட்டங்கள் உட்கார்ந்திருந்தார். பென்ரித் அப்போதும் புள்ளிப் பட்டியலில் இரண்டாவதாக முடித்துக் கோப்பையையும் தூக்கியது. 2023 இறுதியாட்டத்தைக் கிளீரி தனி ஆளாகத் திருப்பினாரே என்றால், ஆமாம், திருப்பினார். அதை நம்பி யாராவது திட்டம் போடுவார்களா?

நமக்கு இது புதுசும் இல்லை. 2005-ல் நம் நட்சத்திர ஹாஃப்பேக் ஆண்ட்ரூ ஜான்ஸ் காயத்தில் தவித்த சீசனில் முதல் 13 ஆட்டமும் தோல்வி, கடைசி இடம். 2007 ஏப்ரலில் கழுத்துக் காயத்தோடு அவர் ஓய்வு. அதே வருஷம் பிரிஸ்பேனிடம் 71-6 என்று தோல்வி. இருபது வருஷம் ஓடி, 2025-லும் கடைசி இடம், போங்கா பாதியில் வெளியே. பத்து வருட ஒப்பந்தம் போட்டு இன்னொரு ஆளைக் கொண்டு வந்தால் தீர்ந்ததா? பிரவுன் நல்ல ஆட்டக்காரர். அவரிடமும் இதே மாதிரி தள்ளிவிட்டால்?

நாம் மேன்லியை வென்ற 1997 இறுதியாட்டத்தை எடுத்துக்காட்டாகச் சொல்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கடைசி நொடிகளில் எல்லோரும் ஃபீல்ட் கோலை (ஆட்டத்தின் நடுவே கம்பங்களுக்கு இடையே உதைத்து எடுக்கும் புள்ளி) எதிர்பார்த்தார்கள். ஆண்ட்ரூ டம்மி ஹாஃபிலிருந்து (டாக்கிளுக்குப் பின் உருட்டிவிட்ட பந்தை எடுக்கும் இடம்) குறுகிய பக்கம் ஓடி டேரன் ஆல்பர்ட்டுக்குக் கொடுத்தார், 22-16 வெற்றி. மேன்லியின் கண் வேறு பக்கம் இருந்ததால் கிடைத்த வழி அது. இன்று போங்கா மீது பதிமூன்று ஜோடிக் கண்ணும் இருக்கிறது, வழி எங்கிருந்து வரும்?

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள். மேன்லிக்காரன் என்று மட்டும் சொல்லாதீர்கள்.