தனியாக அனுப்ப ஆசைதான், தெரு விடணுமே!

ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள், இனிமேல் சைக்கிளில் தனியாகவே டியூஷனுக்குப் போகிறேன் என்கிறாள். போகட்டும், எனக்கும் ஆசைதான். ஆனால் எந்த வழியாகப் போவாள்?

நடைபாதை என்று ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதன் மேல் முதலில் டிரான்ஸ்ஃபார்மர், அடுத்து பஜ்ஜிக் கடையின் கேஸ் சிலிண்டர், அப்புறம் வரிசையாக பைக்குகள். சாலையில் இறங்கி ஓட்டினாலோ, ராங் சைடில் வருகிறவர் நம் பிள்ளையைப் பார்த்து ஹாரன் அடிக்கிறார்! அதிலும் பாதிப் பேர் மீசை முளைக்காத பயல்கள், பின்னால் இரண்டு பேரை ஏற்றிக்கொண்டு. 18 வயது ஆகாத பிள்ளை வண்டியோட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை என்று மோட்டார் வாகனச் சட்டத்தை 2019லேயே திருத்திவிட்டார்கள். எங்கள் தெருவுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

அரசு ப்ளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இலவச சைக்கிள் தருகிறது. நல்ல திட்டம், குறை சொல்ல மாட்டேன். அதை ஓட்ட சாலையில் ஓர் ஓரத்தையும் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

இதற்கு நடுவில் அக்கம்பக்கம் வேறு. அனுப்பினால், "பொம்பளப் பிள்ளைய தனியாவா விடுறீங்க?" கூடவே போனால், "நாங்கெல்லாம் அந்தக் காலத்துல மூணு மைல் நடந்தே பள்ளிக்கூடம் போனோம்."

போனீங்க மாமா, சரி. இப்போ தெருமுனையில் எதிரே வருகிற வண்டியே தெரியாதபடி மறைத்துக்கொண்டு நிற்கிற அந்த வெள்ளைக் கார் யாருடையது?