பிரைவேட் சோதனை நீக்கப்படவில்லை

சி++ மொழிக்கான கம்பைலரான கிளாங்கின் பார்சரில் (நிரலை வாசித்துப் பகுக்கும் பகுதி) செய்யப்பட்ட திருத்தத்துக்குப் பிறகு, டெம்ப்ளேட் ஸ்பெஷலைசேஷனுக்குள் (ஒரு பொது வார்ப்புருவுக்குக் குறிப்பிட்ட வகைக்கென எழுதப்படும் தனி வடிவம்) பிரைவேட் பெயர்களை, அதாவது வகுப்புக்கு வெளியே பயன்படுத்தக் கூடாத பெயர்களை, சோதிப்பதே நின்றுவிட்டது என்ற கருத்து இத்திரியில் பலமுறை பகிரப்பட்டுள்ளது. அது சரியன்று என்பதைப் பணிவுடன் தெரிவிக்கிறேன்.

சி++20 தரம், வெளிப்படையான ஸ்பெஷலைசேஷனின் தலைப்பகுதியில் வரும் பெயர்களுக்கு மட்டுமே அணுகல் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கிறது. உடற்பகுதி, அடிப்படை வகுப்புப் பட்டியல், இயல்பு மதிப்புகள் ஆகியவற்றில் வரும் பெயர்கள் முன்போலவே சோதிக்கப்படுகின்றன. வெளிப்படையான இன்ஸ்டன்ஷியேஷனுக்கோ (டெம்ப்ளேட்டிலிருந்து குறிப்பிட்ட வகைக்கான நிரலை உருவாக்கச் சொல்லும் அறிவிப்பு) இவ்விலக்கு சி++98 காலத்திலிருந்தே உண்டு. பார்சர் இடமிருந்து வலமாக வாசிப்பதால், ஒரு பெயரைக் காணும் கணத்தில் அது எந்த அறிவிப்பைச் சேர்ந்தது என்பதை எப்போதும் அறிந்திருக்காது. 'பெட்டி::அறை பெட்டி::திற()' என்னும் வரியில், பிரைவேட்டான 'அறை'யை வாசித்து முடித்த பிறகே, இது பெட்டியின் சொந்த உறுப்புச் செயற்கூறு என்பது தெரியவருகிறது. ஆகவே சோதனை சற்றுத் தள்ளிவைக்கப்படுகிறது, கைவிடப்படுவதில்லை. இந்த வேறுபாடு மிக முக்கியமானது.

எவரும் இதைச் சரிபார்க்கலாம். 'பெட்டி' என்ற வகுப்புக்குள் 'அறை' என்ற பிரைவேட் ஸ்ட்ரக்டை வைத்து, 'உறை' என்ற டெம்ப்ளேட்டை உறை<பெட்டி::அறை> என்று ஸ்பெஷலைஸ் செய்து, சி++20 முறையில் கம்பைல் செய்யுங்கள், பிழை வராது. அதன் உடற்பகுதிக்குள் பெட்டி::அறை வகையில் ஓர் உறுப்பை அறிவித்து மீண்டும் இயக்கினால், 'அறை' பெட்டியின் பிரைவேட் உறுப்பு என்ற பிழைச்செய்தி அந்த வரியைச் சுட்டியே வரும்.